சத்தம் கேட்டதும் யாரை அழைப்பது?

(விருதுநகரில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்தினர், மகளிர் குழுவினர், செவிலியர் கல்லூரி மாணவிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி. ஓம் சக்தி பட்டாசு ஆலையில் நண்பகலை ஒட்டி நடந்த அந்த விபத்தை இந்த அவையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாற்பது பேர் அளவில் உயிரிழந்தார்கள். ஆனால் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. முதல் சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள் அவர்கள். சொந்தக்காரரைத் தேடி வந்தவர்கள், அடிபட்டவர்களைத் தூக்க வந்தவர்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த இளைஞர்கள். அவர்கள் அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் அடுத்த பெரிய வெடிப்பு நடந்தது.

வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தார்கள் என்று அன்று சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியாது. நம் ஊர்களில் பட்டாசு ஆலைக்கு ஆள் போகாத வீடு எத்தனை இருக்கும்? சத்தம் கேட்ட நொடியில் ஒரு தாயின் மனம் கேட்கிற கேள்வி, "நம்ம பிள்ளை எந்த ஷெட்டுல இருக்கா?" என்பதுதான். கால் தன்னால் ஓடும். அப்படி ஓடுகிறவரை நிறுத்த வேண்டுமானால் அவர் நம்புகிற குரல் ஒன்று, அவருக்குத் தெரிந்த குரல் ஒன்று, சரியான நேரத்தில் அவர் காதில் விழ வேண்டும். அன்று அப்படி ஒரு குரல் இல்லை. அந்தக் குரலுக்காகத்தான் ஊர்மக்களே நடத்தும் ஒரு சமூக உதவி எண் வேண்டும் என்கிறேன். அது என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் நான் இந்த இடத்திலிருந்துதான் யோசிக்கிறேன்.

முதல் வெடிக்குப் பிறகு வரும் அமைதி ஏன் ஆபத்தானது என்று இங்கே உள்ள ஃபோர்மேன்களுக்குத் தெரியும். மாணவிகளுக்காகச் சொல்கிறேன். பட்டாசு மருந்தில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் கலந்திருக்கின்றன. வீட்டுத் தீ எரியக் காற்று வேண்டும். இந்த மருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் உப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் மண்ணைப் போட்டு மூடினாலும் அது தொடர்ந்து எரியும். அலுமினியப் பவுடர் எரிகிற இடத்தில் தண்ணீரைக் கொட்டினால் நிலைமை மோசமாகும். ஓர் அறை வெடித்தால் மற்ற அறைக்குப் பரவக் கூடாது என்றுதான் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு அறைகளுக்கு நடுவே, மரத்தடியில், காயவைக்கும் மேடையில் சரக்கு கிடந்தால் அந்த இடைவெளிக்கு அர்த்தமே இல்லை. தெறித்து விழுந்த நெருப்பு அடுத்த அறையை எட்டப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். வாளியோடு உதவிக்கு ஓடி வருகிறவர் அந்த நேரத்தில்தான் வாசலுக்கு வந்து சேர்கிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்தது அன்று. நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்று ஒரு நகரம். 2000 மே 13 அன்று அங்கே குடியிருப்புகளுக்கு நடுவில் இருந்த பட்டாசுக் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. முதலில் வாணங்கள் வெடித்துக்கொண்டிருந்ததை மக்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். உள்ளே உரிமத்தில் சொல்லியிருந்ததைவிடக் கடுமையான வெடிபொருள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களுக்கும் தெரியாது. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் நான்கு பேர் தீயணைப்பு வீரர்கள். பணக்கார நாடு, நவீன வண்டிகள், பயிற்சி பெற்ற வீரர்கள் எல்லாம் இருந்தும் உள்ளே என்ன இருக்கிறது என்ற ஒரு தகவல் இல்லாததால் வந்த இழப்பு அது.

அந்தத் தகவலைச் சொல்ல வேண்டியவர் யார் என்று நம் ஊர் நிலைமையை வைத்துப் பார்ப்போம். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது நல்ல விதி, இருக்க வேண்டிய விதி. வேலைக்கு வருகிறவர்கள் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விபத்து நடந்தால் என்ன ஆகிறது? எந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எங்கே மருந்து கலந்தார்கள், எந்தக் கிடங்கில் மருந்து இருக்கிறது என்றெல்லாம் அறிந்தவர்களின் கையில் போன் இல்லை. அவர்கள் அடிபட்டுக் கிடக்கலாம், வேலி தாண்டி ஓடிக்கொண்டிருக்கலாம். முதலில் போன் செய்பவர் ரோட்டில் போன ஒருவர், பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, டீக்கடைக்காரர். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது புகை மட்டும்.

அந்த அழைப்பு எப்படிப் போகும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

"வெடி விபத்துங்க, சீக்கிரம் வாங்க!"

"எந்த ஊருங்க?"

"புதுப்பட்டிங்க."

எந்தப் புதுப்பட்டி? நம் மாவட்டத்தில் சிவகாசிப் பக்கம் எம்.புதுப்பட்டி இருக்கிறது, வத்திராயிருப்புப் பக்கம் வ.புதுப்பட்டி இருக்கிறது. ஆலையின் பெயரைக் கேட்டால் இன்னும் சிக்கல். போர்டில் ஒரு பெயர், உரிமத்தில் ஒரு பெயர், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். ஊரில் அதற்கு நான்காவதாக ஒரு பெயர்: "கிணத்தடி ஆபீஸ்", "பழைய முதலாளி ஆபீஸ்". 108 ஆம்புலன்ஸ் சேவையில் போனை எடுக்கிற பிள்ளை சென்னையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தச் சேவை எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று இங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். தீயணைப்புக்கு 101, எல்லாவற்றுக்கும் சேர்த்து 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்று எண்களுக்கும் நமக்குக் குறைவில்லை. கிணத்தடி ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர்தான் அந்த எண்களுக்கும் நமக்கும் நடுவில் இல்லை.

2023 அக்டோபர் 17 அன்று நம் மாவட்டத்தில் ஒரே நாளில் இரண்டு இடங்களில் விபத்து நடந்தது. ரெங்கபாளையத்தில் ஒன்று, கிச்சநாயக்கன்பட்டியில் ஒன்று. தீபாவளி நெருக்கத்தில் அப்படி நடப்பது அபூர்வம் இல்லை. அடுத்தடுத்து வருகிற அழைப்புகள் ஒரே விபத்தைப் பற்றியவையா, இரண்டு விபத்துகளா என்பதை உள்ளூர் தெரிந்த ஆளால்தான் உடனே பிரித்துச் சொல்ல முடியும்.

அவசர எண் என்ற ஏற்பாடே உலகத்தில் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பாருங்கள். 1935 நவம்பரில் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியில் தீயணைப்புத் துறையை அழைக்க முயன்றார். இணைப்பகத்தில் அவருடைய அழைப்பு மற்ற சாதாரண அழைப்புகளோடு வரிசையில் காத்துக்கிடந்தது. அவர் சும்மா இருக்கவில்லை, பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் லண்டனில் நடைமுறைக்கு வந்தது. உலகத்தின் முதல் அவசர எண்ணுக்குப் பின்னால் ஓர் அண்டை வீட்டுக்காரரின் ஆற்றாமை இருக்கிறது. நாமும் அண்டை வீட்டுக்காரர்கள்தான். நம் எதிரே நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு நாம் எழுதிய கடிதம் எங்கே?

நம் தமிழ்க் கடற்கரையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராமத் தகவல் மையத்தை அமைத்திருந்தது. கடலின் நிலவரத்தைத் தினமும் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப்பிள்ளை ஒருவர் வீட்டுக்குப் போன் செய்தார். கடல் ஊருக்குள் வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். எல்லாரையும் வெளியேறச் சொல்லுங்கள் என்றார் அவர். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கிளம்பி உயிர் பிழைத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின.

இந்தச் சம்பவத்தில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது அந்த ஒலிபெருக்கிதான். சுனாமிக்காக அதை யாரும் அங்கே வைக்கவில்லை. தினமும் அலையின் உயரம் என்ன, காற்று எப்படி என்று சொல்லிச் சொல்லி அந்தக் குரலை ஊர் நம்பப் பழகியிருந்தது. அதனால்தான் அன்று காலை "ஓடுங்கள்" என்று கேட்டதும் யாரும் நின்று விவாதிக்கவில்லை. விபத்து நாளில் மட்டும் விழித்துக்கொள்கிற உதவி எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள், யாருக்கும் நினைவுக்கும் வராது. குடிநீர் வரும் நேரம், ரேஷன் கடை திறக்கும் நாள், தடுப்பூசி முகாம் என்று அன்றாடம் பேசுகிற குரலாக அது இருக்க வேண்டும்.

வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, விஜயகரிசல்குளம் என்று நம் பட்டாசு ஊர்களில் ஒலிபெருக்கி இல்லாத கோயில், சர்ச், பள்ளிவாசல் எங்கே இருக்கிறது? சத்தம் கேட்ட மூன்றாவது நிமிடத்தில் அந்தக் குழாயில் ஒரு குரல் ஒலிக்கட்டும்: "ஆலைப் பக்கம் யாரும் போகாதீர்கள். இன்னொரு வெடிப்பு வரலாம். பைக்குகளை ரோட்டை விட்டு எடுங்கள், ஆம்புலன்ஸ் வருகிறது. உங்கள் வீட்டு ஆட்களைப் பற்றிய விவரம் இங்கேயே வந்து சொல்வோம்." கடைசி வாக்கியம் முக்கியம். விவரம் எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் போகாதே என்று மட்டும் சொன்னால் எந்தத் தாயும் நிற்க மாட்டாள். 2023 அக்டோபரில் நம் எல்லாருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கைச் சோதனை அது. குறிப்பிட்ட பகுதியில் உள்ள போன்களுக்கு மட்டும் செய்தி அனுப்பும் தொழில்நுட்பம் நாட்டில் இருக்கிறது. புயலுக்குப் பயன்படும் அதை வெடி விபத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கும் முதலில் சரியான இடத்திலிருந்து சரியான தகவல் போக வேண்டும்.

செவிலியர் மாணவிகளுக்கு ஒரு விஷயம். பெருந்தீக்காயம் பட்டவரின் உடம்பிலிருந்து நீர்ச்சத்து வேகமாக இறங்கிவிடும். அதை ஈடுகட்ட எத்தனை லிட்டர் திரவம் ஏற்ற வேண்டும் என்று எடையையும் காயத்தின் பரப்பையும் வைத்து மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். முதல் 24 மணி நேரத்துக்கான அளவில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அந்த 8 மணி நேரம், ஆஸ்பத்திரிக்குள் வந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. தீக்காயம் பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. சிவகாசி அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று, அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறவருக்கு, விபத்து நடந்தது பதினொன்றே காலா, பன்னிரண்டரையா என்பது திரவம் ஏற்றும் வேகத்தையே மாற்றும் கேள்வி. கூடப் போகிறவர்களுக்கு அந்தப் பதற்றத்தில் நேரம் நினைவிருக்காது. உதவி எண்ணில் முதல் அழைப்பை எடுத்தவர் நேரத்தைக் குறித்துவைத்து, அதை ஆம்புலன்ஸ் சீட்டோடு அனுப்பினால் அது சிகிச்சையின் ஒரு பகுதி.

அதே அழைப்பிலேயே இன்னும் சில வார்த்தைகள் சொல்ல முடியும். ஆபத்தான இடத்தை விட்டு வெளியே வந்தவரின் காயத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம். வளையல், மெட்டி, மோதிரத்தை வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் போர்த்துங்கள். உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தால் அவர் குளிரில் நடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குரல் கரகரத்தால், மூக்குமுடி கருகியிருந்தால் சூடும் புகையும் மூச்சுப்பாதைக்குள் போயிருக்கலாம், அவரை முதல் வண்டியில் ஏற்றுங்கள். வலியில் கத்துகிறவரை முதலில் ஏற்றத்தான் நமக்குத் தோன்றும். கத்தக்கூட முடியாதவர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

விபத்து நடந்த மாலையில் நம் ஊர்க் குடும்பங்கள் படுகிற பாடு இன்னொன்று. சாத்தூருக்குக் கொண்டுபோனார்களா, சிவகாசியா, விருதுநகரா, கோவில்பட்டியா, மதுரையா என்று தெரியாமல் ஆட்டோ பிடித்து ஒவ்வோர் ஆஸ்பத்திரி வாசலாக ஏறி இறங்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பட்டியலில் உயிரோடு இருப்பவரின் பெயர் இறந்தவராக வருகிறது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோது, இங்கிருந்த உறவினர்களுக்காகத் தனி உதவி எண்கள் உடனே அறிவிக்கப்பட்டன. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த விபத்துக்கு அதைச் செய்ய முடிந்த நமக்கு, இருபது கிலோமீட்டருக்குள் நடக்கும் விபத்துக்குச் செய்ய முடியாதா? ஆலையின் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள், எந்த ஆஸ்பத்திரியில் யார், இவ்வளவுதான் வேண்டும். பதிவேட்டில் பெயரே இல்லாமல் வேலைக்கு வைத்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இது கூடக் கிடைக்காது. நஷ்ட ஈட்டுக்கும் அதே பிரச்சினைதான்.

இனி எல்லாரும் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். விபத்துக்கு முந்தைய அழைப்பு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் வட்டாரத்தில் அச்சங்குளத்து ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. உள்குத்தகை, அளவுக்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரே பட்டியல் வருகிறது. இந்தப் பட்டியலில் இருப்பது எதுவும் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் அந்த எட்டுப் பேருக்கும் தெரியும். முதல் நாள் மிஞ்சிய மருந்தை மறுநாள் எடுத்தால் எடுக்கிற கைக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும், அடுத்த ஆலையிலும் எடுக்க மாட்டார்கள், முன்பணம் வாங்கியிருந்தால் வீட்டுக்கே வருவார்கள். வீட்டில் வைத்துத் திரி சுற்றுகிற, வெடி கட்டுகிற குடும்பங்களில் பயம் இன்னும் கூடுதல். தீப்பிடித்தால்கூட போலீஸ் வருமே என்று ஆம்புலன்சைக் கூப்பிடத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் கழிகிற நிமிடங்கள் காயம்பட்டவருடையவை.

ஆகவே, பெயர் கேட்காத ஓர் எண் வேண்டும். உயிரைக் காப்பாற்ற வரும் அழைப்பை வழக்குக்குச் சாட்சியாக மாற்ற மாட்டோம் என்ற உறுதிமொழி வேண்டும். அதை மாவட்ட நிர்வாகம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வருகிற புகாரில் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதை மாதம் ஒரு முறை ஊருக்குச் சொல்ல வேண்டும், அழைத்தவர் யார் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. ஆலை முதலாளிகளுக்கும் நான் இதைச் சொல்கிறேன். விதிப்படி நடத்துகிறவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். உள்குத்தகைக்காரர் நடத்தும் ஆலை வெடிக்கும்போது உங்கள் ஆலையும் சேர்ந்துதான் மூடப்படுகிறது. இந்த எண்ணுக்கு நீங்கள் பணமும் கொடுக்கலாம், பாதுகாப்பும் கொடுக்கலாம்.

இதையெல்லாம் யார் செய்வது? பெரிய கட்டடம் வேண்டாம். ஆலைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள ஒவ்வோர் ஊரிலும் மூன்று பேர் போதும். வெடி விபத்து வேலை நேரத்தில்தான் அதிகம் நடக்கிறது, அதனால் பகலில் ஊரில் இருக்கிறவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். அங்கன்வாடி டீச்சர், டீக்கடைக்காரர், கிராம சுகாதார செவிலியர், ஓய்வுபெற்ற ஃபோர்மேன், மகளிர் குழுத் தலைவி. ஆலைகளுக்கு எண் போட்டு வாசலிலும் மெயின் ரோடு திருப்பத்திலும் பெயிண்டில் எழுதிவிட வேண்டும். ரயில்வே கேட்டுக்கு எண் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமம் பெற்ற ஆலைகள் உள்ள மாவட்டத்தில் ஆலைக்கு எண் ஏன் இருக்கக் கூடாது? ரோட்டில் போகிறவர் "நாற்பத்தேழாம் நம்பர் ஆலை" என்று சொன்னால் போதும். அந்த எண்ணுக்கு எதிரே அறைகள் எத்தனை, கிடங்கு எந்தப் பக்கம், பக்கத்தில் தண்ணீர் எங்கே, எந்தப் பாதையில் பெரிய வண்டி போகும் என்ற விவரம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை தீயணைப்பு நிலையங்களிலும் ஊரில் அந்த மூன்று பேரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒத்திகை. ஒலிபெருக்கி வேலை செய்கிறதா, மூன்று பேரில் யாராவது போனை எடுக்கிறாரா, கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒத்திகை.

கடைசியாக இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளி வேலை சூடு பிடிப்பதற்கு முன்னால் ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அதில் இதைத் தீர்மானமாக வையுங்கள். உதவி எண் வேண்டும் என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். தீர்மானத்திலேயே மூன்று பெயர்களையும் மூன்று போன் எண்களையும் எழுதுங்கள். ஒலிபெருக்கியின் சாவி யாரிடம் இருக்கும் என்று எழுதுங்கள். முதல் ஒத்திகைத் தேதியை எழுதுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் அனுப்பிவிட்டு, அன்று மாலையே அந்த மூன்று எண்களையும் ஊரில் உள்ள ஒவ்வொரு போனிலும் பதிந்துகொடுங்கள். மாணவிகள் வீடு வீடாகப் போய் அதைச் செய்ய முன்வருவீர்கள் என்று நம்புகிறேன்.